மைனஸ் 20 டிகிரியில் மூச்சு: பாரோ கடல் பனிக்குள் பாக்டீரியாவைத் தேடிய ஆய்வு

பனிக்கட்டிக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க நினைப்பவர்கள் வழக்கமாக முதலில் செய்வது, அந்தப் பனிக்கட்டியை உருக்குவது. நுண்ணோக்கியில் வைக்க நீர் வேண்டும், வடிகட்ட நீர் வேண்டும், தட்டில் வளர்க்கவும் நீர் வேண்டும். ஆனால் உருகிய மறுகணமே முக்கியமான தகவல்கள் எல்லாம் போய்விடுகின்றன. அந்த உயிர் எந்தக் குழியில் இருந்தது, எதைப் பிடித்துக்கொண்டிருந்தது, எவ்வளவு உப்பில், எவ்வளவு குளிரில் இருந்தது என்பது எதுவும் மிஞ்சாது. ஊரையே கரைத்து ஒரு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, யார் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று கேட்பது போலத்தான் இது.

2004 ஜனவரியில் 'அப்ளைடு அண்ட் என்விரான்மென்டல் மைக்ரோபயாலஜி' இதழில் கேரன் யுங்கே, ஹாயோ ஐக்கன், ஜோடி டெமிங் ஆகிய மூவரின் ஆய்வுக் கட்டுரை ஒன்று வந்தது. அலாஸ்காவின் பாரோ ஊரை ஒட்டிய ஆர்க்டிக் குளிர்காலக் கடல் பனியில், மைனஸ் 2 முதல் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை, பாக்டீரியா வேலை செய்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. டெமிங் அப்போது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியல் பேராசிரியர். ஐக்கன் பனி இயற்பியலாளர், அப்போது அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஓர் உயிரியலாளரும் ஒரு பனி இயற்பியலாளரும் ஒரே துண்டு பனியைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதால்தான் இந்த ஆய்வு இப்படி அமைந்தது என்பது என் எண்ணம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பனி என்று சொல்வதில் எவ்வளவு நீர் இருக்கிறது

கடல் பனி வேறு, பனிமலை வேறு. பனிமலை, நிலத்தில் பெய்த பனி இறுகிப் பனியாறாகி, உடைந்து கடலில் விழுந்து மிதப்பது. அது நன்னீர். கடல் பனி என்பது கடல் நீரே மேற்பரப்பில் உறைந்து உண்டாவது. கிலோவுக்கு 35 கிராம் உப்பு உள்ள கடல் நீர் மைனஸ் 1.9 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும்.

நீர் படிகமாகும்போது உப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும். சின்ன வயதில் குச்சி ஐஸை உறிஞ்சியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். முதல் நாலைந்து உறிஞ்சலிலேயே நிறமும் இனிப்பும் வந்துவிடும், கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளைக் கட்டி. சர்க்கரைப்பாகு படிகத்துக்குள் போகாமல் இடுக்குகளில் தங்கியிருந்ததுதான் காரணம். கடல் பனியிலும் அதேதான் நடக்கிறது. தள்ளப்பட்ட உப்பில் ஒரு பங்கு கீழே கடலுக்கு இறங்கிவிடும். மிச்சம், படிகங்களுக்கு இடையில் உள்ள நுண்ணிய குழிகளிலும் குழாய்களிலும் அடர்ந்த உப்புநீராகச் சிக்கிக்கொள்ளும்.

அந்த உப்புநீர் எவ்வளவு அடர்த்தி என்பதை முடிவு செய்வது குளிர் மட்டும்தான். குளிர் கூடக் கூட, குழியில் உள்ள நீரில் இன்னும் கொஞ்சம் உறைந்து சுவரில் ஒட்டும். மிச்ச நீரில் உப்பு ஏறும். உப்பு ஏறினால் உறைநிலை இறங்கும். இப்படி ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு சமநிலை வந்து நிற்கும். பாரோ பனியில் மைனஸ் 2 டிகிரி இருந்த இடத்தில் உப்புநீரில் கிலோவுக்கு 38 கிராம் உப்பு. மைனஸ் 20 டிகிரி இருந்த இடத்தில் 209 கிராம், அதாவது சாதாரணக் கடல் நீரைப் போல் ஆறு மடங்கு. கடல் நீரில் அதிகம் இருக்கும் சோடியம் குளோரைடு மைனஸ் 23 டிகிரியை ஒட்டித்தான் திடமாகப் பிரியத் தொடங்கும். ஆகவே மைனஸ் 20-இல் இன்னும் நீர் இருக்கிறது. மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் நீர்.

எவ்வளவு கொஞ்சம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உருக்கினால் கிலோவுக்கு 5 கிராம் உப்பு வரும் பனியை எடுத்துக்கொள்வோம். பனி இயற்பியலாளர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் சூத்திரப்படி, மைனஸ் 2 டிகிரியில் அந்தப் பனியின் கன அளவில் சுமார் 12.5 சதவீதம் உப்புநீர். மைனஸ் 5-இல் சுமார் 5 சதவீதம். மைனஸ் 20-இல் ஒன்றரை சதவீதம்தான். 1998-இல் கென்னத் கோல்டன் குழு 'சயன்ஸ்' இதழில் காட்டியது இங்கே நினைவுக்கு வர வேண்டும்: மைனஸ் 5 டிகிரி, உப்பு 5, உப்புநீர் 5 சதவீதம், இந்த எல்லையைவிட வெதுவெதுப்பாக இருந்தால் குழாய்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும், அதைவிடக் குளிர்ந்தால் தொடர்பு அறுந்து பனி வழியாக நீர் ஓடுவது நின்றுவிடும். மைனஸ் 20-இல் இருக்கும் பாக்டீரியா, கதவடைத்த அறைக்குள் இருக்கிறது. புதுச் சத்து எதுவும் வராது, கழிவும் வெளியே போகாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உருக்கிய பனியில் ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் செல் எண்ணினோம் என்று வைத்துக்கொள்வோம். அவை அத்தனையும் இருந்தது அந்த ஒன்றரை சதவீத நீரில். அப்படியானால் உண்மையான இருப்பிடத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு அறுபது, எழுபது லட்சம். செல்கள் நெருங்கினால் அவற்றோடு கரைந்த உணவும் நெருங்குகிறது, பிராணவாயுவும் நெருங்குகிறது, வைரஸும் நெருங்குகிறது. உருக்கிய நீரில் வரும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆளில்லாத பாலைவனம் மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் அது சந்தைக் கூட்டம்.

இடமும் துண்டும்

பாரோ, அலாஸ்காவின் வடகோடியில், 71 டிகிரி வடக்கில் சுக்சி கடலோரம் இருக்கிறது. 2016-இல் ஊர்மக்கள் வாக்களித்து உட்கியாக்விக் என்ற இனுபியாக் மொழிப் பெயரையே ஊருக்கு மீண்டும் சூட்டினார்கள். ஆய்வு நடந்த காலத்துப் பெயர் பாரோ என்பதால் இங்கே அதையே எழுதுகிறேன். நவம்பரின் பின்பாதியில் மறையும் சூரியன் ஜனவரியின் பின்பாதியில்தான் மறுபடி தலைகாட்டும். கரையை ஒட்டி உறைந்து அசையாமல் நிற்கும் பனிதான் ஊருக்கும் கடலுக்கும் நடுவே உள்ள தரை. வசந்தத்தில் அந்த மொழி பேசும் இனுபியாட் பூர்வகுடி வேட்டைக்காரர்கள் திமிங்கில வேட்டைக்கு இந்தப் பனியில்தான் பாதை வெட்டிப் போகிறார்கள். பனியின் குணம் அறிந்த அந்த ஊர்க்காரர்களின் உதவி இல்லாமல், துருவக் கரடி உலவும் அந்த இடத்தில் வெளியாட்கள் துளை போட்டு நிற்க முடியாது.

துளைக் கருவி என்பது உள்ளே கூடான, பல்வைத்த ஒரு குழாய். அதைச் சுழற்றி இறக்கினால், மேல் முதல் அடி வரை ஓர் உருளையாகப் பனி வரும். வெளியே எடுத்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் வெப்பநிலை பார்ப்பது. உருளையின் பக்கவாட்டில் சில சென்டிமீட்டருக்கு ஒரு சின்ன ஓட்டை போட்டு, வெப்பமானியின் முனையைச் செருகி, வரிசையாக எழுதிக்கொண்டே போக வேண்டும். தாமதித்தால் வெளிக்காற்றின் குளிர் உருளைக்குள் ஏறி எண்கள் பொய்யாகிவிடும். இதற்குள் அடிப்பகுதியிலிருந்து உப்புநீர் சொட்டத் தொடங்கியிருக்கும். அந்தச் சொட்டுகளோடு அங்கிருந்த பாக்டீரியாவும் போகிறது. கடல் பனி ஆய்வில் தவிர்க்க முடியாத இழப்பு இது. குளிர்ந்து இறுகிய மேல்பகுதியில் குழிகள் மூடியிருப்பதால் அங்கே இழப்பு குறைவு.

ஒரே உருளையில் மேலே மைனஸ் 20, கீழே மைனஸ் 2. மேல்முனை துருவக் குளிர்காலக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கீழ்முனை கடல் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. வெவ்வேறு குளிரில் பாக்டீரியா என்ன ஆகிறது என்று பார்க்க ஆய்வகத்தில் பத்து குளிர்பெட்டிகள் வைக்க வேண்டியதில்லை. இயற்கையே ஒரு குச்சியில் அடுக்கி வைத்திருக்கிறது.

பாரோ பனியில் இன்னொரு விசேஷமும் உண்டு. அங்கே கடலோரம் ஆழம் குறைவு. இலையுதிர்காலப் புயலில் அடிமண் கலங்கி மேலே வரும். அதே நேரத்தில் நீரில் உருவாகும் ஊசி போன்ற பனிப்படிகங்கள் மேலெழும்போது மண் துகள்களையும் பாசிகளையும் பாக்டீரியாவையும் வாரிக்கொண்டு எழும். அதனால் அந்தப் பனி சுத்தமான கண்ணாடி மாதிரி இருக்காது. மண் கலந்த அழுக்குப் பனி. இந்த அழுக்கின் பங்கு என்ன என்பது முடிவில் தெரிந்தது.

உருக்காமல் உருக்குவது

1986-இலேயே கேரிசன், பக் என்ற இருவர் எச்சரித்திருந்தார்கள்: கடல் பனியை அப்படியே உருக்கினால் உள்ளிருக்கும் உயிர்களில் பல அழிந்துபோகும், எண்ணிக்கை தப்பாக வரும் என்று. காரணம் எளிது. உப்பு அடர்ந்த நீரில் வாழ்ந்த செல், படிகமும் உருகிக் கலந்தவுடன் ஏறக்குறைய நன்னீரில் கிடக்கும். வெளியே உப்பு குறைந்தால் நீர் செல்லுக்குள் பாயும், செல் உப்பி வெடிக்கும். மென்மையான ஒருசெல் உயிரிகளுக்கு இது உடனே ஆபத்து. வடிகட்டிய கடல் நீரில் போட்டு உருக்குங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. நல்ல வழிதான், பலரும் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மைனஸ் 20 டிகிரியில் 209 கிராம் உப்பில் இருந்த செல்லுக்கு, சாதாரணக் கடல் நீரும் ஒரு பெரிய அதிர்ச்சிதான். அதோடு வெப்பநிலையும் ஏறிவிடுகிறது. 'மைனஸ் 20-இல் மூச்சு விடுகிறதா' என்ற கேள்விக்கு, ப்ளஸ் 4-இல் உருக்கிப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

யுங்கே குழு இரண்டு வழிகளில் போனது.

ஒன்று, குளிரைக் கூட்டாமலும் குறைக்காமலும் உருக்குவது. கேட்க முரணாக இருக்கும், ஆனால் நடக்கும். போதுமான உப்பு சேர்த்தால் பனி மைனஸ் 20-இலும் கரையும். குளிர்நாடுகளில் சாலைப் பனிமீது உப்புத் தூவுவதும் இதே தத்துவம். ஒவ்வொரு துண்டும் அது இருந்த வெப்பநிலையிலேயே, அதன் குழிக்குள் இருந்த உப்புநீரின் அதே உப்பளவு கடைசியில் வரும்படி உருக்கப்பட்டது. செல்லைப் பொறுத்தவரை குளிரும் மாறவில்லை, உப்பும் மாறவில்லை. சுவர் மட்டும் போயிற்று.

இன்னொன்று, உருக்கவே உருக்காதது. மைக்ரோடோம் என்ற மெல்லிதாகச் சீவும் கருவியால் பனியை ஏடாகச் சீவி, குளிர் அறைக்குள்ளேயே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இந்த முறையை யுங்கேயும் கிறிஸ்டோபர் கிரெம்ப்ஸும் மற்றவர்களும் சேர்ந்து முன்பே உருவாக்கி 2001-இல் வெளியிட்டிருந்தார்கள். நுண்ணோக்கி குளிரில், பார்ப்பவரும் குளிரில். மூச்சுக்காற்று கண்ணாடியில் பட்டால் அங்கேயே உறையும்.

அந்த ஏட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பெரும்பகுதி வெறுமை. அதுதான் தூய பனிப்படிகம். படிகங்கள் சந்திக்கும் விளிம்புகளில் மெல்லிய கோடுகளாகவும் சிறு குளங்களாகவும் உப்புநீர். டாபி என்ற சாயம் மரபணுப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும், புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். அந்தச் சாயம் விட்டபின் நீலப் புள்ளிகள் தெரிகின்றன. ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத புள்ளிகள். அவை கண்டபடி மிதக்கவில்லை. ஒரு மண் துகளின் ஓரத்தில், செத்த பாசித் துணுக்கின் மேல், படிகத்தின் விளிம்பை ஒட்டி என்று எதையாவது பற்றிக்கொண்டு நிற்பவைதான் அதிகம். உருக்கிய நீரில் எண்ணினாலும் சரி, சீவிய ஏட்டில் எண்ணினாலும் சரி, பாதிக்கு மேற்பட்ட செல்கள் ஏதோ ஒரு துகளோடோ பரப்போடோ சேர்ந்தே இருந்தன. இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு முறையில் வரும் பிழை இன்னொரு முறையில் வராது என்பதால், இரண்டும் ஒத்துப்போகும்போதுதான் நம்பிக்கை வருகிறது.

கிடைத்தது என்ன

உயிரோடு இருக்கிறதா என்பதும் வேலை செய்கிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள். டாபி சாயம் செத்த செல்லையும் நீலமாகத்தான் காட்டும். அதனால் சிடிசி என்ற வேறொரு பொருளைப் பயன்படுத்தினார்கள். நீரில் கரைந்திருக்கும் அது, செல் சுவாசிக்கும்போது அந்தச் செல்லுக்குள்ளேயே கரையாத துகளாகப் படிந்து சிவப்பாக ஒளிரும். சிவப்பு தெரிந்தால் அந்தச் செல் பிராணவாயுவைக் கொண்டு மூச்சு விட்டிருக்கிறது என்று பொருள்.

எல்லா மாதிரிகளிலும் சிவப்பு தெரிந்தது. மைனஸ் 20-இலும் தெரிந்தது. மொத்த செல்களில் 0.5 முதல் 4 சதவீதம் வரை சுவாசித்துக்கொண்டிருந்தன. மூன்றாவதாக ஃபிஷ் என்ற முறையில், ரைபோசோம்களைத் தேடிப்பிடித்து ஒட்டும் ஒளிரும் துணுக்குகளைக் கொண்டு பார்த்தபோது 18 முதல் 86 சதவீதம் செல்கள் அகப்பட்டன. ரைபோசோம் என்பது செல் புரதம் செய்யும் பட்டறை. அது கணிசமாக இருக்கும் செல்தான் இந்த முறையில் தெரியும். பட்டறை நிற்கிறது, ஆனால் இந்த நிமிடம் அடுப்பு எரிவது சிலவற்றில்தான் என்று இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கலாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்ட தகவல் அடுத்தது. மைனஸ் 20-இல் சுவாசித்துக்கொண்டிருந்த செல்களில் ஏறக்குறைய எல்லாமே துகள்களோடு ஒட்டியவை. தனியாக மிதந்தவற்றில் சுவாசம் இல்லாத அளவுக்குக் குறைவு. குளிர் கூடக் கூட, சுவாசிப்பவற்றில் ஒட்டி வாழ்பவற்றின் பங்கும் கூடிக்கொண்டே போயிற்று. அதோடு யார் இருக்கிறார்கள் என்பதும் மாறியது. சைட்டோஃபேகா, ஃப்ளேவோபாக்டீரியா, பாக்டீராய்டெஸ் என்று அன்று ஒரே கூட்டமாகச் சொல்லப்பட்ட குழுவின் பங்கு, பாக்டீரியாவில் 16 சதவீதத்திலிருந்து 82 சதவீதம் வரை இருந்தது, குளிர் கூடிய இடத்தில் அதிகமாக. பரப்புகளில் ஒட்டிக்கொண்டு, மற்றவை செரிக்க முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டித் தின்பதில் கைதேர்ந்த கூட்டம் அது. ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிரிகளும் சிறிய அளவில், அதிகபட்சம் 3.4 சதவீதம் இருந்தன.

ஆக, அழுக்கு என்று நாம் ஒதுக்கும் மண்ணும் மக்கும்தான் அந்தக் குளிரில் தாங்குகோலாக இருக்கிறது.

ஏன் துகள்? ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்க முடியாது. துகளின் பரப்பில் கரிமப் பொருள் படிந்திருக்கும், அது உணவு. துகள் இருக்கும் இடத்தில் படிகம் நெருங்கி மூடாமல் ஒரு நீர்ப்படலம் மிஞ்ச வாய்ப்பு அதிகம். அப்புறம், பசை. பாசிகளும் பாக்டீரியாவும் தங்களைச் சுற்றிக் கோந்து போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. கிரெம்ப்ஸ், ஐக்கன், யுங்கே, டெமிங் நால்வரும் 2002-இல், ஆர்க்டிக் குளிர்காலக் கடல் பனியில் இந்தப் பசை மிக அதிகமாக இருக்கிறது என்று காட்டினார்கள். முருங்கைப் பிசினையோ பாதாம் பிசினையோ தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தவர்களுக்கு, கொஞ்சம் பிசின் எவ்வளவு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று தெரியும். செல்லைச் சுற்றி அப்படி ஓர் உறை இருந்தால், கூரான படிகம் நேராகச் செல் சுவரில் குத்தாது. 2011-இல் கிரெம்ப்ஸ், ஐக்கன், டெமிங் மூவரும் இன்னொரு படி மேலே போனார்கள். மெலோசிரா ஆர்க்டிகா என்ற பாசியின் பசையைச் சேர்த்து உறையவைத்தபோது, பனியின் குழிகள் வளைந்து நெளிந்து சிக்கலாகின, பனிக்குள் உப்பு கூடுதலாகத் தங்கியது. உப்பு தங்கினால் நீர் தங்கும். குடியிருப்பவர்களே வீட்டின் சுவரை மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள்.

எங்கே நிதானமாகப் படிக்க வேண்டும்

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் 'மைனஸ் 20-இல் பாக்டீரியா வளர்கிறது' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சுவாசிப்பது வேறு, இரண்டாகப் பிரிந்து பெருகுவது வேறு. அதே 2004-இல் பூஃபோர்ட் பிரைஸ், டாட் சோவர்ஸ் இருவரும் பனியிலும் உறைமண்ணிலும் கிடைத்த அளவீடுகளைத் தொகுத்து நுண்ணுயிர்களின் இயக்கத்தை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: பெருகும் வேகம், இருப்பதைப் பராமரிக்கும் வேகம், உடைந்த மூலக்கூறுகளைப் பழுதுபார்த்து உயிரைப் பிடித்துவைக்கும் வேகம். பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் பெருகுவதைவிட மிக மிகக் குறைந்த ஆற்றலே போதும். பாரோவில் தெரிந்த சிவப்பு இந்த மூன்றில் எந்தப் படியைச் சேர்ந்தது என்று சிடிசி சொல்லாது.

சிடிசி மேலேயே நுண்ணுயிரியலாளர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. அந்தப் பொருள் சில செல்களுக்கு நஞ்சு. சில செல்கள் நன்றாகச் சுவாசித்தாலும் சிவப்பாக மாறாது. அதனால் 0.5 முதல் 4 சதவீதம் என்பதை நான் அடிமட்டக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே போகாது, மேலே போகலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஒரே கடற்கரையின் பனி, அதுவும் மண் கலந்த பனி. ஆழ்கடலுக்கு மேல் உறைந்த சுத்தமான பனியில் ஒட்டிக்கொள்ள மண்ணே குறைவு. அங்கே இதே விகிதம் வரும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லக் கூடாது.

பெருகுவதற்கான ஆதாரமும் அதே பாரோ பகுதிக் கடல் பனியிலிருந்துதான் வந்தது. சைக்ரோமோனாஸ் இங்க்ராஹாமி என்று பெயரிட்ட பாக்டீரியா ஒன்றை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்டேலி குழு பிரித்து வளர்த்தது. மைனஸ் 12 டிகிரியில் அது பெருகியது. ஒன்று இரண்டாவதற்கு 240 மணி நேரம், அதாவது முழுசாகப் பத்து நாள். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல சாப்பாடு கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு குழாயைத் திறந்து பார்த்து, பொறுமையாகக் காத்திருந்தவர்களை நினைத்தால் மரியாதைதான் வருகிறது. மைனஸ் 12-க்கும் மைனஸ் 20-க்கும் நடுவே உள்ள அந்த எட்டு டிகிரியில்தான் பெருகுவது நின்று பிழைத்திருப்பது மட்டும் மிஞ்சுகிறது என்று படிக்கத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு ஆய்வும் பார்த்தது இரண்டு வேறு விஷயங்களை என்பதால், நேராகக் கோடு இழுத்துவிடக் கூடாது.

இன்னொரு ஆய்வு சற்று வேறு திசையில் இழுக்கிறது. 2010-இல் எரிக் காலின்ஸ், கேப்ரியல் ரோக்கப், டெமிங் மூவரும் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் குளிர்காலம் முழுக்கக் கடல் பனியின் மரபணு மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். இலையுதிர்காலத்தில் எந்தக் கூட்டம் பனிக்குள் சிக்கியதோ, ஏறக்குறைய அதே கூட்டம்தான் குளிர்காலம் நெடுக இருந்தது. கடல் நீரில் தனியாக மிதந்து வாழப் பழகிய, குளிர்ப்பனிக்கு என்று தனித் தயாரிப்பு எதுவும் இல்லாத வகைகளும் அதில் இருந்தன. வசந்தத்தில், ஒளி வந்து பாசி பழுப்பாகப் பூக்கும்போது அடிப்பனியில் பெருகும் கூட்டம் வேறு. கோல்வெல்லியா போன்ற குளிர்விரும்பிகள் அப்போதுதான் மேலோங்குகின்றன. அப்படியானால் குளிர்காலம் என்பது தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கும் காலமா, சிக்கியவர்கள் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும் காலமா?

என் கருத்தில் இந்த இரண்டு ஆய்வும் மோதவில்லை. கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அசையாமல் இருந்தால், மரபணு மாதிரி அந்தத் தொண்ணூற்றாறு பேரைத்தான் காட்டும். மண் துகளைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடும் அந்த நாலு பேர் அதில் கரைந்துபோவார்கள். மரபணு ஆய்வில் பனியை உருக்கித்தான் ஆக வேண்டும். உருக்கினால் நாலு பேரும் தொண்ணூற்றாறு பேரும் ஒரே குடுவையில்.

இதனால்தான் 2004 ஆய்வு எனக்குத் திரும்பத் திரும்பப் படிக்கத் தக்கதாக இருக்கிறது. மரபணுக்களை வரிசைப்படுத்தும் கருவிகள் அதற்குப் பின் எங்கேயோ போய்விட்டன. 2019 அக்டோபர் முதல் ஏறக்குறைய ஓர் ஆண்டு, ஆர்க்டிக் பனியோடு சேர்ந்து உறைந்து மிதந்த போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கப்பலில் இருந்த ஆய்வாளர்கள், துருவ இருட்டிலும் வாராவாரம் பனி உருளை எடுத்தார்கள். தரவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் பனிச் செல்லின் முகவரி, அது எந்தத் துகளின் எந்தப் பக்கம் இருந்தது என்பது, அந்தக் கருவிகளுக்குத் தெரியாது. இதற்கிடையில் பனியும் மாறிக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் உருகாமல் நின்ற தடித்த பனி குறைந்து, ஒரே குளிர்காலத்தில் உறைந்து கோடையில் உருகிவிடும் மெல்லிய பனி பெருகியிருக்கிறது. காற்று வெதுவெதுப்பானால் பனியின் மேல்பகுதி மைனஸ் 20-க்குப் போகும் நாட்களும் குறையும், மைனஸ் 5 எல்லையைத் தாண்டிக் குழாய்கள் திறந்தே இருக்கும் நாட்கள் கூடும். அடைத்த அறைக்குள் துகளைப் பிடித்துக்கொண்டு பிழைப்பவர்களுக்கு, கதவு சீக்கிரம் திறப்பது நல்லதா கெட்டதா என்பது அந்த நாலு சதவீதத்தைத் தெரிந்துகொள்ளாமல் சொல்ல முடியாத விஷயம்.

2004 ஆய்விலும் இல்லாத ஒரு படம் உண்டு. சீவிய ஏட்டில் பார்த்தது நீலச் சாயத்தை மட்டும். சிவப்பை எண்ணியது உருக்கிய நீரில். செல் எங்கே இருக்கிறது என்று காட்டிய துண்டு வேறு, அது மூச்சு விடுகிறது என்று காட்டிய துண்டு வேறு. நான் பார்க்க ஆசைப்படுவது இரண்டும் ஒன்றாக வரும் ஏட்டை: மைனஸ் 20 டிகிரியில் சீவியது, உருகாதது, ஒரு மணல் துகள், அதன் ஓரத்தில் மயிரிழை அளவு உப்புநீர், அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி.